ரிலீவர் வராமல் எழுந்திருக்கக் கூடாது

எங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டில் ஒன்பது நோட்டுகள் இருந்தன. ஒன்பதிலும் முதல் ஏழெட்டுப் பக்கங்கள்தான் எழுதியிருக்கும், மீதியெல்லாம் வெள்ளை. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருத்தி கதவைத் திறந்தபடியோ, கடிதத்தைப் பிரித்தபடியோ, குழம்பைக் கொதிக்க விட்டபடியோ அப்படியே நின்றுபோயிருப்பாள். கதை எழுத வேண்டும் என்ற ஆசை எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே உண்டு. ஒன்றையாவது முடித்துவிட வேண்டும் என்ற ஆசை நாற்பத்தைந்து வயதில், பெண்ணைக் கல்லூரி ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த வாரத்தில் வந்தது. சும்மா வரவில்லை, காய்ச்சல் மாதிரி வந்தது. இந்தத் தடவையும் முடிக்கவில்லை என்றால் எனக்கு எழுத வராது என்று ஒப்புக்கொண்டு, இனி நோட்டே வாங்குவதில்லை என்று எனக்கு நானே சத்தியம் செய்தேன். செய்துவிட்டுப் போய்ப் பத்தாவது நோட்டை வாங்கினேன்.

தினமும் எழுதுவது எப்படி என்று சொல்லித்தரக் கைப்பேசிக்குள் ஒரு ஊரே உட்கார்ந்திருக்கிறது. நானும் பொறுப்பாகப் பார்த்தேன். எல்லோரும் முகத்தை ஒரே மாதிரி வைத்துக்கொண்டு ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உட்காருங்கள், பழக்கம் தானாக வந்துவிடும். இடம் சரி. பெண்ணின் படிப்பு மேஜை காலியாகத்தான் கிடந்தது, ஜன்னலுக்கு வெளியே பலா மரம், நல்ல வெளிச்சம். நேரத்துக்கு எங்கே போவது? இவர்களில் யாருக்கும் ஷிப்டில் வேலை பார்க்கும் புருஷன் இல்லை போலிருக்கிறது.

என் கணவருக்கு நெய்வேலி மைன்ஸில் வேலை. பழுப்பு நிலக்கரியைச் சுமந்துகொண்டு ஓடும் கன்வேயர் பெல்ட்டை கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து ஓட்டுவதும் நிறுத்துவதும் அவர் பொறுப்பு. ஒரு வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட், விடியுமுன் கிளம்பி மத்தியானம் இரண்டே முக்காலுக்கு வீடு வருவார். ஒரு வாரம் செகண்ட் ஷிப்ட், மத்தியானம் போனால் நான் தூங்கின பிறகு வருவார். இன்னொரு வாரம் நைட் ஷிப்ட், ஊர் எழுந்து காபி குடிக்கும்போது அவர் படுக்கப் போவார். ஆக எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு ஒரு வாரம் பன்னிரண்டு மணிக்கு, ஒரு வாரம் மூன்று மணிக்கு. காலை எட்டரைக்கு எழுதுவது என்று ஒரு திங்கட்கிழமை முடிவு செய்தால், அடுத்த திங்கட்கிழமை அதே எட்டரைக்கு நான் தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டிருப்பேன். பத்தாவது நோட்டு ஆறாம் பக்கத்தில் மூச்சை விட்டது.

ஒரு நாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்து புலம்பித் தீர்த்தேன். அவர் குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஆள். எதையும் அவசரப்பட்டுக் கேட்க மாட்டார். ரசத்தை முடித்து, மோருக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எழுதிகினு இருக்கும்போது எந்திரிச்சி போனா உன்ன யாரு கேக்கறது?"

யாரும் இல்லை என்றேன்.

"அப்ப எந்திரிச்சிதான் போவ. உனுக்கு ரிலீவர் இல்ல. அதான் கோளாறு."

மோட்டாரைத் திறந்து பார்த்த மெக்கானிக் சொல்வதுபோல் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். பிறகு விளக்கினார். அவர்கள் வேலையில் ஷிப்ட் முடிந்துவிட்டது என்று மணியைப் பார்த்து எழுந்து போக முடியாது. அடுத்த ஷிப்ட் ஆள், அதாவது ரிலீவர், வந்து, என்ன ஓடுகிறது என்ன நிற்கிறது என்று கேட்டு, லாக் புக்கில் கையெழுத்துப் போட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் இவர் எழுந்திருக்கலாம். மழையில் ரிலீவரின் வண்டி நின்றுபோனாலும் சரி, வரும் வரை இருக்க வேண்டியதுதான். பெல்ட் ஓடும்போது நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. எனக்கும் அப்படி ஒரு ஏற்பாடு செய்துவிட்டால் எழுத்து தானாக நடக்கும் என்பது அவர் தீர்ப்பு. ரிலீவர் யார் என்று கேட்டேன். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாளே மெயின் பஜாரிலிருந்து ஒரு நீள ரிஜிஸ்டர் வந்தது. இடப்பக்கம் என் கதைக்கு. வலப்பக்கம் லாக். அதில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நேரம், நிலவரம், அடுத்த ஷிப்ட் கவனத்துக்கு, கையெழுத்து என்று தலைப்பு எழுதினார். நான் உட்காரும் நேரம் அவருடைய ஷிப்டோடு சேர்ந்து சுற்றும். ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரத்தில் ஒரு மணியிலிருந்து அவர் வரும் வரை. செகண்ட் ஷிப்ட் வாரத்தில் காலையில் அவர் காய்கறி வாங்கி வரும் வரை. நைட் ஷிப்ட் வாரத்தில் அவர் தூங்கி எழுந்து வரும் வரை. வந்ததும் என்னை ரிலீவ் செய்து அவர் கால் மணி நேரமாவது அந்த நாற்காலியில் உட்கார வேண்டும், தன் பங்குக்கு லாக் எழுத வேண்டும். சும்மா கையெழுத்து மட்டும் போட்டால் அது போலி ரிலீவாம். மனிதர் இதில் எல்லாம் ரொம்பக் கண்டிப்பு.

முதல் நாள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அரை மணி நேரத்தில் மூன்று தடவை எழுந்திருக்கத் தோன்றியது. தண்ணீர் குடிக்க, துணியைத் திருப்பிப் போட, ஒன்றுமே இல்லாமல் சும்மா எழுந்திருக்க. சிலிண்டர் கொண்டுவந்த ஆளிடம் ஜன்னல் வழியாக, வாசலிலேயே வைத்துவிட்டுப் போங்கள், நான் டியூட்டியில் இருக்கிறேன் என்று கத்தினேன். அவர் பலா மரத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். வேறு வழியே இல்லாமல் எழுதினேன். எரிச்சலிலேயே இரண்டரைப் பக்கம் வந்துவிட்டது. இரண்டே முக்காலுக்கு யூனிஃபார்மோடு வந்து நின்று, என்ன நிலவரம் என்று அவர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கதை இதுதான். சேத்தியாத்தோப்பில் புருஷன், வீடு என்று இருக்கும் ஒரு பெண் தினமும் பஸ் ஏறிக் குறிஞ்சிப்பாடிக்கு வந்து ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். ஒரு சாயங்காலம் தன் ஊர் பஸ் வருகிறது, அவள் ஏறவில்லை. அப்படியே நிற்கிறாள். ஏன் ஏறவில்லை என்று எனக்குத் தெரியாது. எழுத எழுதத் தெரியும் என்று நம்பித்தான் தொடங்கினேன்.

நான்காம் நாள் அவளை பஸ் ஸ்டாண்டிலேயே, லேசான மழையில், பஸ் போன திசையைப் பார்த்தபடி நிறுத்திவிட்டு எழுந்தேன். படிக்கிறவர்கள் நெஞ்சு துடிக்க வேண்டாமா? அடுத்த நாள் வந்து ரிஜிஸ்டரைத் திறந்தால் வலப்பக்கத்தில் அவருடைய லாக்:

"2.50: அந்தம்மா பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார். மழை லேசாக. 2.55: அடுத்த சேத்தியாத்தோப்பு பஸ் வந்தது. ஏற்றிவிட்டேன். ஜன்னல் சீட். 3.00: வீடு போய்ச் சேர்ந்தார். தலை துவட்டியாயிற்று. கதவு பூட்டியாயிற்று. எல்லாம் நார்மல்."

எனக்குக் கோபம் வந்தால் இருபத்திரண்டு வருஷ நெய்வேலி எல்லாம் எங்கோ ஓடிப்போய், பிறந்த திருநெல்வேலி வந்து நாக்கில் உட்கார்ந்துகொள்ளும்.

"யாரைக் கேட்டு அவள பஸ் ஏத்துனிய? அவ அங்கேயே நிக்கட்டும்னுதான விட்டுட்டு வந்தேன்?"

அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்தவர் நிதானமாக ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "பொழுது சாஞ்சிகினு இருக்குது. மழ வேற. ஒரு பொம்பள ஒண்டியா நின்னுகினு இருக்குது. அப்படியே வுட்டுட்டு நான் எப்புடி கையெழுத்து போடறது?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்ததுதான் எனக்கு ஆத்திரம். ஓடுகிற எதையும் பத்திரமான நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஷிப்டை ஒப்படைக்க வேண்டும் என்று ஆயுசு முழுக்கப் பழகினவர். நடுத்தெருவில் நிற்கும் பெண்ணை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நான் மறுபடி உட்கார்ந்து, வீடு போய்ச் சேர்ந்தவளுக்குக் கடை சாவியைக் கொடுக்க மறந்துவிட்டது நினைவுக்கு வரவைத்து, திரும்ப குறிஞ்சிப்பாடிக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். அதற்கே இரண்டு பக்கம் ஆயிற்று. எழுதி முடித்தபோது கை வலித்தது, மனசு குஷியில் மிதந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை யாரிடமும் நேராகச் சொல்ல முடியாது. நான் அவளைக் கடலூர் பஸ்ஸில் ஏற்றுவேன், இவர் பஸ்ஸை பஞ்சராக்கித் திருப்பி அனுப்புவார். நான் வடலூரில் இறக்கி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்காரவைப்பேன், அந்தப் பக்கமாக அவளுடைய சித்தப்பா ஒருவர் பைக்கில் வருவார், வாம்மா என்று கூட்டிக்கொண்டு போய்விடுவார். அடுத்த ஊரில் இன்னொரு சித்தப்பா. மாவட்டம் முழுக்க அந்தப் பெண்ணுக்குச் சித்தப்பாக்களாக நின்றார்கள், பெட்ரோல் போட்ட வண்டியோடு. ஒரு நாள் சித்தப்பா வர முடியாத இடமாகப் பார்த்து அவளைப் பெண்கள் கழிவறைக்குள் அனுப்பிவிட்டு எழுந்தேன். மறுநாள் பார்த்தால் சித்தி வந்திருக்கிறாள்.

இவருக்கு முழுக் கதை தெரியாது என்பதுதான் வேடிக்கை. முந்தைய பக்கங்களைப் புரட்டவே மாட்டார். ரிலீவருக்குக் கடைசி ஷிப்ட் என்ட்ரி தெரிந்தால் போதும், போன மாதம் நடந்தது எதற்கு என்பார். அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, அன்றன்றைக்கு அவளைப் பத்திரமாக வீட்டில் சேர்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்வார்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவருடைய ஆறு வரி என்னுடைய இரண்டு பக்கத்தைவிட நன்றாக இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. என் பக்கத்தில் அவள் ஒவ்வொரு பத்தியிலும் பெருமூச்சு விடுவாள், வானத்தைப் பார்ப்பாள், ஏதோ ஒரு பாரம் அவளை அழுத்தும். அவர் பக்கத்தில் மழை வரும், பஸ்ஸின் பின் கதவு சரியாகச் சாத்தாது, டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்கும். மூன்றாம் வாரத்தில் ரகசியமாக என் பெருமூச்சுகளை அடிக்க ஆரம்பித்தேன். ஒரே பக்கத்தில் பதினொன்று இருந்தன. அத்தனை மூச்சு விட்டால் அவள் எங்கே பஸ் ஏறுவாள்?

பக்கத்து குவார்ட்டர்ஸ் பெண்ணுக்குப் பிறந்த ஊர் வடக்குத்து. எங்களுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர்தான். ஒரு நாள் துணி காயப்போடும் இடத்தில் என்னிடம் வந்து, கண் கலங்க, என் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் காதில் விழுந்துகினுதான் இருக்குதுக்கா என்றாள். தினமும் ஒருத்தியைப் பற்றிச் சண்டை, அண்ணன் அவளை பஸ் ஏற்றி அனுப்புகிறார், நான் ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்கிறேன், அதுதான் அவளுக்குப் புரியவில்லை. வந்தவளை அனுப்பினால் நல்லதுதானே, நான் எதற்கு அவளைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறேன் என்றாள். ஈரத் துணியோடு தரையில் உட்கார்ந்து சிரித்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவளும் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விசாரணை வரும், இன்னிக்கு அந்தப் பொண்ணு எங்கக்கா இருக்குது என்று. எனக்கு ஒரு வாசகி கிடைத்துவிட்டாள், ஒரு வரிகூட அச்சாகாமல்.

வாரங்கள் சுற்றின. ஃபர்ஸ்ட், செகண்ட், நைட், மறுபடி ஃபர்ஸ்ட். எட்டாம் பக்கத்தைத் தாண்டியதே எனக்கு உலக அதிசயம், எண்பதைத் தாண்டியபோது சமையலறையில் கரண்டியோடு ஆடினேன். ஒரு நாள்கூட விடவில்லை. விட முடியாது, நேற்று இவர் என்ன செய்து வைத்திருக்கிறார் என்று பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. காலையில் கண் விழிக்கும்போதே அவளை எப்படி மீட்பது என்ற யோசனைதான். பூரி திரட்டும்போது, ஊறுகாய் பாட்டிலைத் திறக்கும்போது எல்லாம் தனியாகச் சிரித்தேன். வாழ்க்கையில் நான் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததே இல்லை.

ஆனால் அவள் எங்கே போக விரும்புகிறாள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சித்தப்பாக்களிடமிருந்து தப்பிக்கவே பக்கங்கள் போய்க்கொண்டிருந்தன. இப்படியே போனால் இந்த ரிஜிஸ்டரும் முடியாத நோட்டாகிவிடும் என்ற பயம், சிரிப்புக்கு நடுவிலேயே இருந்துகொண்டே இருந்தது. ஒரு வாரம் கெட்டிக்காரத்தனமாக எழுதினேன். அவளைக் கடலூர் வரை கொண்டுபோய், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த ஒரு லாட்ஜில் அறை எடுத்துக் கொடுத்து, உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட வைத்தேன். தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தை எழுதியபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. இனி ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிந்தது. ரிலீவ் கொடுக்கும்போது தெளிவாகச் சொன்னேன், கதவைத் தொடாதீர்கள் என்று.

அவர் எழுந்ததுமே போய்ப் பார்த்தேன். கதவைத் தொடவில்லைதான். லாட்ஜ் மேனேஜர் வீட்டுக்கு போன் போட்டதாகவும், புருஷன் வாடகைக் காரோடு வந்ததாகவும், வழியில் இருவரும் பரோட்டா சாப்பிட்டதாகவும், வீடு போய்ச் சேர்ந்ததாகவும் எழுதியிருந்தார். எல்லாம் நார்மல்.

அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கத்தவும் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும்.

"இது உங்க பெல்ட் இல்ல. என் கதை. இனிமே நான் எழுதல," என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வந்து, லாட்ஜில் தனியாக என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிப்ட். ஒரு மணிக்கு நான் நாற்காலியில் உட்காரவில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, வாசல் கதவைப் பூட்டிச் சாவியை வழக்கமான இடத்தில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு மெயின் பஜாருக்குப் போனேன். ஒன்றும் வாங்கவில்லை. ஒரு ரோஸ்மில்க் குடித்தேன். வளையல் கடையில் அரை மணி நேரம் நின்றேன். ஸ்டேஷனரிக் கடைக்காரர், நோட்டு வேணுமாம்மா என்று கேட்டபோது அழுகை வந்துவிட்டது. பதினோராவது நோட்டு கிடையாது என்பது என் சத்தியம். எனக்கு எழுத வராது, அவ்வளவுதான், இனி நிம்மதியாக சீரியல் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே வெயில் தாழும் வரை நடந்தேன்.

வீடு திரும்பும்போது ஆறு மணி இருக்கும். அவர் யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் ரிஜிஸ்டர் திறந்திருந்தது. சாப்பாட்டு மூடி அப்படியே இருந்தது. சாப்பிடவில்லையா என்று கேட்டேன்.

"நீ வராம நான் எப்புடி எந்திரிக்கிறது?" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காலையில் கன்ட்ரோல் ரூமில் ஒரு ஷிப்ட், மத்தியானத்திலிருந்து என் நாற்காலியில் ஒரு ஷிப்ட். அவர்கள் பாஷையில் டபுள் டியூட்டி. நான் குனிந்து லாக்கைப் பார்த்தேன். முந்தின நாள் எழுதிய லாட்ஜ் மேனேஜர், கார், பரோட்டா எல்லாவற்றின் மேலும் ஒரே ஒரு கோடு போட்டு அடித்திருந்தது. லாக் புக்கில் எதையும் கிறுக்கி மறைக்கக் கூடாது, ஒற்றைக் கோடு அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டிருந்தார். கீழே:

"2.50: சீட்டில் ஆள் இல்லை. 3.10: நேற்றைய என்ட்ரி ரத்து. என் தவறு. அந்தம்மா லாட்ஜ் அறையிலேயே இருக்கிறார். 4.00: கதவு சாத்தியிருக்கிறது. நான் வெளியே இருக்கிறேன். 5.00: கதவு சாத்தியிருக்கிறது. நான் வெளியே இருக்கிறேன்."

ஆறு மணிக்கான வரியை எழுத அவர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். அதற்குள் நான் அவர் தோளைத் தட்டி, எழுந்திருங்கள், நான் உட்கார்கிறேன் என்றேன். சாம்பாரைச் சூடு பண்ணக்கூட எழுந்து போகவில்லை. அவரே பண்ணிக்கொண்டார்.

அதன் பிறகு அவருடைய லாக் ஒரே வரியாகிவிட்டது. கதவு சாத்தியிருக்கிறது, எல்லாம் நார்மல். சித்தப்பாக்கள் மாவட்டத்தை விட்டே போய்விட்டார்கள். இப்போது பந்து என் பக்கம். உள்ளே போனவள் என்ன செய்கிறாள்? அந்த வாரமும் அடுத்த செகண்ட் ஷிப்ட் வாரமும் நானும் அவளோடு அந்த அறையில் சுற்றிச் சுற்றி வந்தேன். அவளைக் கடிதம் எழுத வைத்தேன், பொருந்தவில்லை. பழைய காதலனை வரவழைத்தேன், சிரிப்பாக இருந்தது. அழவைத்தேன், அவளுக்கே இஷ்டமில்லை.

அடுத்து வந்தது நைட் ஷிப்ட் வாரம். அவர் காலையில் வந்து, சாப்பிட்டு, படுத்துவிட்டார். ஷிப்ட்காரர் பகலில் தூங்கும் வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மிக்ஸி ஓடாது. குக்கர் வைக்க மாட்டோம். காலிங் பெல் சுவிட்சை அணைத்துவிடுவோம். என் பெண் சின்ன வயசில் பாடத்தை உதட்டை மட்டும் அசைத்துப் படிக்கக் கற்றுக்கொண்டதே இதனால்தான். கீரைக்காரியை வாசலிலேயே விரலை உதட்டில் வைத்து நிறுத்துவேன். இருபத்திரண்டு வருஷமாக, மூன்று வாரத்துக்கு ஒரு வாரம், நான் விரல் நுனியில் நடந்திருக்கிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. உழைத்து வருகிறவர் தூங்க வேண்டாமா? அன்றைக்கு அந்த அமைதியில் உட்கார்ந்திருந்தபோதுதான், என் தூக்கத்துக்காக இந்த வீட்டில் யாராவது எப்போதாவது மிக்ஸியை நிறுத்தியிருக்கிறார்களா என்று தோன்றியது. நான் அவரைக் கேட்டதில்லை, அவருக்கும் தோன்றியதில்லை. யார் மேலும் தப்பில்லை.

உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் எங்கேயும் ஓடவில்லை. யாரையும் தேடவில்லை. அவளுக்குத் தூக்கம் வந்தது. யாரும் எழுப்பாமல், தானாக விழிப்பு வரும் வரை, ஒரே ஒரு தடவை தூங்க வேண்டும்.

பேனா அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. அவள் தலையணையைத் திருப்பிப் போடுகிறாள், ஃபேனை மூன்றில் வைக்கிறாள், படுக்கிறாள். கடலூர் பஸ்கள் ஹாரன் அடிக்கின்றன, அவளுக்குக் கேட்கவில்லை. பொழுது விடிகிறது. ஆறு மணி ஆகிறது, பால் பொங்கவில்லை. எட்டு ஆகிறது, யாரும் சட்டையைத் தேடவில்லை. பத்தரைக்கு வெயில் ஜன்னல் வழியாக வந்து அவள் காலைத் தொடுகிறது, அவள் புரண்டு படுக்கிறாள். அவ்வளவுதான் கதை. கீழே முற்றும் என்று எழுதினேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வார்த்தையை எழுதினேன், எழுதிவிட்டுச் சரியாக இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. முடியாது, ரிலீவர் எழவில்லை. கத்தவும் முடியாது, அவர் தூங்குகிறார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் வேகமாக ஆட்டினேன், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தேன், கண்ணிலிருந்து தண்ணீராக வந்தது.

ஒரு மணிக்கு அவர் எழுந்து, முகம் கழுவி, லுங்கியோடு வந்து நின்றார். என்ன நிலவரம் என்றார்.

"முடிஞ்சிருச்சு. அவ தூங்குறா," என்றேன்.

வழக்கம்போல் கடைசிப் பக்கத்தைப் படித்தார். பிறகு வழக்கமே இல்லாமல், மொதல்லேந்து குடு என்றார். நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து, விரலை வரியின் மேல் வைத்துக்கொண்டு, தன் லாக்கையும் விடாமல் படித்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பாக்கள் வந்த இடங்களில் அவரே சிரித்தார். சித்திக்குச் சத்தமாகவே சிரித்தார். போகப் போகச் சிரிப்பு குறைந்தது. பலா மரத்து நிழல் மேஜையைத் தாண்டி நகர்ந்த பிறகு ரிஜிஸ்டரை மூடாமல் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தெனம் நான்தான் இட்டுகினு போயி வூட்ல வுட்டுகினு இருந்திருக்கேன்," என்றார். தன் கையெழுத்துகளை மறுபடி ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, "அந்தம்மாவுக்கு அங்க தூக்கமே இல்ல," என்றார்.

அவர் பேனாவை எடுத்தார். முற்றும் போட்ட பிறகும் இவர் ஒரு சித்தப்பாவை அனுப்பக்கூடிய ஆள். எழுந்து போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

"3.20: அந்தம்மா தூங்குகிறார். அடுத்த ஷிப்ட் கவனத்துக்கு: எழுப்ப வேண்டாம்."

கையெழுத்துப் போட்டு, மை காயும் வரை ஊதி, ரிஜிஸ்டரைச் சத்தமில்லாமல் மூடினார். நாற்காலியை இழுக்காமல் தூக்கி நகர்த்தினார். வாசலுக்குப் போய் காலிங் பெல் சுவிட்சை அணைத்துவிட்டு, ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு, விரல் நுனியில் நடந்து என் பக்கத்தில் வந்து, ரகசியக் குரலில் சொன்னார்.

"நீயும் போயி படு. நான் பாத்துக்கறேன்."

போய்ப் படுத்தேன். கதை முடித்த அன்றைக்குத் தூக்கம் எங்கே வரும்? சமையலறையில் அவர் ஒரு பாத்திரத்தை இன்னொன்றின் மேல் படாமல் எடுத்து வைக்கப் படுகிற பாட்டைக் கேட்டுக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சிரித்துக்கொண்டே கிடந்தேன்.